ஆம்ப்ளிஃபயருக்கு ஸ்டெபிலைசர் வாங்கும் முன்

கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டத்து வீட்டில் இருக்கும் ஒருவர் கேட்டிருந்தார்: "வீட்டில் வோல்டேஜ் ஒரு நேரம் 175 காட்டுகிறது, ஒரு நேரம் 255 காட்டுகிறது. பழைய ஜப்பான் ஸ்டீரியோ ஆம்ப்ளிஃபயர் ஒன்று, ஊர் மெக்கானிக் செய்துகொடுத்த 5.1 அசெம்பிள் செட் ஒன்று, எல்.இ.டி. டி.வி., ரெக்கார்டு பிளேயர் எல்லாம் இருக்கின்றன. கடைக்காரர் ஏ.சி.க்குப் போடும் 4 கே.வி.ஏ. ஸ்டெபிலைசரை வாங்கச் சொல்கிறார். மைத்துனர் ஒரு நல்ல ஸ்பைக் பஸ்டர் போதும் என்கிறார். எதை வாங்குவது?"

இப்போதைக்கு இரண்டையும் வாங்க வேண்டாம். இங்கே மூன்று தொல்லைகளை ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறோம். வோல்டேஜ் மெதுவாக ஏறி இறங்குவது ஒன்று. நியூட்ரல் (கரண்ட் திரும்பிப் போகும் கம்பி) அறுந்து 350, 380 என்று வீட்டுக்குள் வந்து நிற்பது இன்னொன்று. மின்னல் சமயத்திலும், பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும் கண் இமைப்பதற்குள் ஆயிரக்கணக்கான வோல்ட் தாவிப் போவது மூன்றாவது. ஸ்டெபிலைசர் முதலாவதற்கு, ஸ்பைக் பஸ்டர் மூன்றாவதற்கு. நடுவில் இருப்பதற்கு இரண்டுமே சரியான மருந்து இல்லை. ஆனால் என் மேசைக்கு வந்த செத்த செட்டுகளில் அதிகம் அந்த நடுவில் இருப்பதால் செத்தவைதான்.

முதலில் ஒரு மல்டிமீட்டரும் நோட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் காலை ஆறு மணி, மதியம், இரவு ஏழு, இரவு பதினொன்று என்று அளந்து எழுதுங்கள். மும்முனை மின்சாரம் வரும் நேரத்தையும் போகும் நேரத்தையும் பக்கத்தில் குறியுங்கள். உங்கள் ஊரில் இதுதான் முக்கியம். மும்முனை வந்ததும் கிணற்று மோட்டார்கள் எல்லாம் ஒன்றாக ஓடும், வோல்டேஜ் இறங்கும். அது போனதும் லைனில் சுமை இல்லாமல் ஏறிவிடும். 255 எப்படி வருகிறது என்று பலர் ஆச்சரியப்படுகிறார்கள். நம் ஊர் டிரான்ஸ்ஃபார்மர்கள் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக மாற்றுபவை. அந்த 433, கரண்ட் வரும் மூன்று பேஸ் கம்பிகளில் ஏதாவது இரண்டுக்கு நடுவே உள்ள அளவு. ஒரு பேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே கணக்குப் போட்டால் சரியாக 250 வரும். லைனின் கடைசி வீட்டுக்குப் போய்ச் சேரும்போது 220ஆவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக அப்படி வைத்திருக்கிறார்கள். அதனால் டிரான்ஸ்ஃபார்மருக்குப் பக்கத்து வீட்டில் 250 என்பது கோளாறே இல்லை. பெயரளவு 230, அதில் பத்து சதவீதம் கூடக் குறைய என்று பார்த்தால் 207 முதல் 253 வரை எந்த நல்ல கருவியும் முணுமுணுக்காமல் ஓட வேண்டும்.

அப்புறம் ஒவ்வொரு பெட்டியின் முதுகையும் திருப்பிப் பாருங்கள். '100–240 வோல்ட்' என்று போட்டிருந்தால் அதற்குள் இருப்பது எஸ்.எம்.பி.எஸ். என்ற புதுவகை பவர் சப்ளை. அதற்கு ஸ்டெபிலைசர் தேவையில்லை. 175 வந்தாலும் 255 வந்தாலும் உள்ளே தனக்கு வேண்டியதை அதுவே செய்துகொள்ளும். உங்கள் டி.வி., செட்டாப் பாக்ஸ் அடாப்டர், ப்ளூடூத் பெட்டி, இப்போது வரும் கிளாஸ் டி ஆம்ப்ளிஃபயர்களில் பல, எல்லாம் இந்த வகை. அடாப்டரில் ஓடும் ரெக்கார்டு பிளேயரும் பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் 'எது வந்தாலும் தாங்கும்' என்று இதற்கு அர்த்தம் எடுத்துக்கொள்ளாதீர்கள். 264க்கு மேலே போய் நின்றால் இவையும் போய்விடும்.

வெறும் '230 வோல்ட்' அல்லது '220 வோல்ட்' என்று மட்டும் போட்டிருந்து, பெட்டியும் தூக்க முடியாமல் கனத்தால், உள்ளே பழைய பாணி டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. உங்கள் இரண்டு ஆம்ப்ளிஃபயரும் இதில் அடங்கும். இங்கேதான் ஸ்டெபிலைசர் பேச்சுக்கே இடம்.

இதிலும் குறைந்த வோல்டேஜைப் பார்த்து யாரும் பயப்பட வேண்டாம். 230க்குப் பதில் 200 வந்தால் ஆம்ப்ளிஃபயரின் உச்ச சக்தி கால் பங்கு குறையும். கேட்க என்னவோ பெரிதாக இருக்கிறது, ஆனால் காதுக்கு அது ஒரு டெசிபெல்லுக்குச் சற்று மேல். வால்யூமை உச்சத்தில் வைத்துக் கேட்பவர் தவிர வேறு யாருக்கும் தெரியாது. 170க்குக் கீழே போனால் உள்ளே இருக்கும் ஸ்பீக்கர் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) படபடக்கலாம், சின்ன சிக்னலை முதலில் பெருக்கும் பிரீஆம்ப் பகுதியில் இரைச்சல் வரலாம். அப்போது அணைத்துவிட்டால் போதும், எதுவும் எரியாது. குறைந்த வோல்டேஜில் சாவது ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர், தண்ணீர் மோட்டார் மாதிரி சுழல்கிறவை. நம் வீடுகளில் ஸ்டெபிலைசர் நுழைந்ததும் பெரும்பாலும் ஃப்ரிட்ஜுக்காகவும் பழைய டி.வி.க்காகவும்தான். கொச்சியில் 1977இல் தொடங்கிய வி-கார்டு முதலில் செய்ததே ஸ்டெபிலைசர்தான். அந்தக் காலத்துப் பழக்கம் ஆடியோ செட்டிலும் ஒட்டிக்கொண்டுவிட்டது.

கூடுதல் வோல்டேஜ் வேறு கதை. அசெம்பிள் செட்டையே எடுத்துக்கொள்ளுங்கள். உங்களுடையது 24-0-24 டிரான்ஸ்ஃபார்மராக (இரண்டு பக்கமும் 24 வோல்ட் கொடுப்பது) இருந்தால், 230 வரும்போது அதை டி.சி.யாக மாற்றும் டையோடுக்குப் பிறகு ஒவ்வொரு பக்கமும் 33 வோல்ட் அளவுக்கு நிற்கும். பல மெக்கானிக்குகள் காசு மிச்சம் பிடிக்க அதற்கு 35 வோல்ட் கெப்பாசிட்டர் போடுகிறார்கள். வீட்டுக்கு 260 வந்தால் அந்த 33 என்பது 37ஐத் தாண்டும். பாட்டு ஓடாமல் சும்மா இருக்கும்போது இன்னும் கொஞ்சம் மேலே. கெப்பாசிட்டர் தலை உப்பும், ஒரு நாள் 'டொப்'. செட்டைத் திறக்கச் சொல்லி அந்தப் பெரிய கெப்பாசிட்டர்களில் என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள். 35 என்றிருந்தால் 50 வோல்ட் போடச் சொல்லுங்கள். சென்னை ரிச்சி தெருவில் கூடை கூடையாகக் கிடைக்கிற சாமான் அது. ஆயிரங்கள் கொடுத்து ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டிய வேலை இது. 5200, 1943 டிரான்சிஸ்டர் ஜோடி போட்ட போர்டு என்று மெக்கானிக் பெருமையாகச் சொல்லியிருப்பார். அசல் என்றால் அது நன்றாகத் தாங்கும், முதலில் கைவிடுவது இந்தக் கெப்பாசிட்டர்தான்.

ஜப்பான் ஆம்ப்ளிஃபயர் யாராவது வளைகுடாவிலிருந்து கொண்டுவந்ததா? அப்படியானால் முதுகில் 110, 127, 220, 240 என்று ஒரு திருகு இருக்க வாய்ப்புண்டு. பிளக்கைப் பிடுங்கிவிட்டு அதை 240க்கு மாற்றுங்கள். 220இல் விட்டுவிட்டு 255 கொடுத்தால் பதினாறு சதவீதம் கூடுதல். டிரான்ஸ்ஃபார்மர் உறுமும், சூடாகும். பலருக்கு இந்தத் திருகு ஒன்று இருப்பதே தெரியாது. ரெக்கார்டு பிளேயர் சவுதியில் வாங்கியதாக இருந்து, வீட்டு மின்சாரத்திலேயே மோட்டார் நேரடியாக ஓடும் வகையாக இருந்தால் இன்னொரு சங்கடம். அங்கே மின்சார அலை நொடிக்கு 60 (60 ஹெர்ட்ஸ்), இங்கே 50. நிமிடத்துக்கு 33⅓ சுற்ற வேண்டிய தட்டு 28க்கும் கீழே போய், பாடகி ஆண் குரலில் பாடுவார். எந்த ஸ்டெபிலைசரும் இதைச் சரி செய்யாது, 50 ஹெர்ட்ஸுக்கான புல்லி வேண்டும்.

இப்போது நியூட்ரலுக்கு வருகிறேன். கம்பத்தில் மூன்று பேஸ், ஒரு நியூட்ரல். உங்கள் வீடு ஒரு பேஸில், எதிர்வீடு இன்னொரு பேஸில், நியூட்ரல் இருவருக்கும் பொது. தென்னை மட்டை விழுந்தோ, மூட்டு கருகியோ அந்த நியூட்ரல் அறுந்தால், இரண்டு வீடும் ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்த மாதிரி 400 வோல்ட்டுக்கு நடுவே மாட்டிக்கொள்ளும். அதில் யார் வீட்டில் குறைவாக மின்சாரம் ஓடுகிறதோ அவர் வீட்டுக்குத்தான் அதிக வோல்டேஜ். எதிர்வீட்டில் 2000 வாட் கீசர், உங்கள் வீட்டில் ஒரு ஃபேனும் லைட்டுமாக 100 வாட் என்றால், உங்களுக்கு 380 அளவில் வரும், அவருக்கு 20 கூட இருக்காது. அவர் 'கரண்ட் இல்லை' என்று நினைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார், உங்கள் வீட்டில் புகை வரும்.

எங்கள் தெருவில் ஓர் ஐப்பசி மழை இரவில் இது நடந்தது. லைட் திடீரென்று வெள்ளை வெளேரென்று எரிந்தது, நான் மெயினை அணைக்க ஓடுவதற்குள் ஸ்பைக் பஸ்டர் கருகிவிட்டது. அதற்குள் இருக்கும் எம்.ஓ.வி. என்ற வில்லை நொடிப்பொழுதுத் தாக்கத்தைக் குடிப்பதற்காக மட்டுமே செய்யப்பட்டது. தொடர்ந்து 380 கொடுத்தால் அதுவே தீப்பிடிக்கும். பக்கத்தில் இருந்த ரிலே ஸ்டெபிலைசரும் போனது. அதன் மூளையே அந்த உள்ளே வரும் லைனிலிருந்துதான் சாப்பிடுகிறது, அந்த மூளையே வெந்துவிட்டால் யார் கட் செய்வது? ஆம்ப்ளிஃபயர் அன்று பிளக்கிலிருந்து பிடுங்கிக் கிடந்ததால் பிழைத்தது. மூன்று வீடு தள்ளி இருந்தவர் மட்டும் ஒன்றும் ஆகாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் வீட்டு மெயின் போர்டில் தானாகத் துண்டித்து, தானாகச் சேரும் வோல்டேஜ் புரொடெக்டர் இருந்தது.

நான் முதலில் வாங்கச் சொல்வது அதைத்தான். மெயின் போர்டுக்குள் எம்.சி.பி. மாதிரியே உலோகப் பட்டையில் மாட்டும் சின்னப் பெட்டி, முகப்பில் வோல்டேஜ் ஓடும். மேல் எல்லை 265, கீழ் எல்லை 165, திரும்பச் சேர 180 விநாடி என்று வையுங்கள். எல்லை தாண்டினால் ஒரு விநாடிக்குள் வீட்டையே துண்டிக்கும். சரியானதும் மூன்று நிமிடம் பொறுத்துச் சேர்க்கும். அந்தப் பொறுமையும் முக்கியம், கரண்ட் வந்த முதல் நிமிடத்தில்தான் லைன் அதிகமாகக் குதிக்கும். உங்கள் மெயின் எம்.சி.பி. 32 ஆம்பியர் என்றால் புரொடெக்டர் 40 அல்லது 63 ஆம்பியராக இருக்கட்டும். மும்முனை சர்வீஸ் வீடு என்றால் மூன்று பேஸையும் பார்க்கிற மாதிரி வாங்க வேண்டும். அந்த வீடுகளில் சொந்த மீட்டர் போர்டிலேயே நியூட்ரல் கருகுவது உண்டு. ஒரு அறையில் லைட் பிரகாசமாகி இன்னொரு அறையில் மங்கினால் யோசிக்காமல் மெயினை அணையுங்கள்.

மூன்றாவது தொல்லைக்கு வருவோம். மின்னல் தூரத்தில் விழுந்தாலும் லைனில் ஒரு தாவல் ஓடும், மைக்ரோ செகண்ட் கணக்கில். புரொடெக்டரின் ரிலே கண் திறப்பதற்குள் அது போய்விட்டிருக்கும். இதற்குத்தான் எம்.ஓ.வி. நம் ஊருக்கு வழக்கமாகப் போடும் வில்லை 275 வோல்ட் வரை தொடர்ந்து தாங்கும், 430 சுற்றிக் கடத்தத் தொடங்கும், பெரிய கரண்ட் ஓடும்போது 700 சொச்சத்தில் பிடித்துவைக்கும். அதாவது இது தாவலை முழுக்க அழிப்பதில்லை, 3000 வோல்ட்டை 700 ஆக்குகிறது. ஒவ்வொரு அடிக்கும் கொஞ்சம் தேயும். கடைகளில் ஸ்பைக் பஸ்டர் என்ற பெயரில் விற்பதில் பாதிக்குள் ஒரு சுவிட்சும் நியான் விளக்கும்தான் இருக்கின்றன. பெட்டியில் எத்தனை ஜூல், எத்தனை ஆயிரம் ஆம்பியர் என்று போடாதது வெறும் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ். எம்.ஓ.வி. செத்தால் தெரிவிக்கும் விளக்கு, சூடானால் துண்டிக்கும் ஃபியூஸ் இரண்டும் இருப்பதாகப் பார்த்து வாங்குங்கள்.

இன்னும் நல்லது, மெயின் போர்டிலேயே டைப் 2 எஸ்.பி.டி. (தாவலை எர்த்துக்குக் கடத்திவிடும் கருவி) போடுவது. உங்கள் மாதிரி 255 பார்க்கிற இடத்தில் 275 வோல்ட் மாடலைவிட 320 வோல்ட் மாடல் நீடித்து உழைக்கும். கேட்ரிட்ஜ் மட்டும் கழற்றி மாற்றுகிற வகையாக இருக்கட்டும், பச்சை ஜன்னல் சிவப்பானால் மாற்ற வேண்டும். அதிலிருந்து எர்த்துக்குப் போகும் வயர் குட்டையாக, அரை மீட்டருக்குள் இருக்க வேண்டும். நீளமாகச் சுற்றி வளைத்து ஓட்டினால் அந்த வயரின் மேலேயே ஆயிரம் வோல்ட் நிற்கும், பிறகு எஸ்.பி.டி. போட்டதில் என்ன பயன்?

எர்த் என்று சொன்னதும் இன்னொன்று. பழைய தோட்டத்து வீடுகளில் பிளக் பாயின்ட்டின் மூன்றாவது ஓட்டை சும்மா அலங்காரத்துக்கு இருக்கும். பேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே அளந்தால், பேஸ்–நியூட்ரல் அளவுக்குப் பக்கத்தில் வர வேண்டும். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் நடுவே ஒன்றிரண்டு வோல்ட்தான் இருக்கலாம். மீட்டர் பொய்யாகவும் காட்டும், அதனால் எர்த் டெஸ்டர் வைத்திருக்கும் வயர்மேனைக் கூப்பிட்டுப் பாருங்கள், 5 ஓமுக்குள் இருந்தால் நன்று. கரியும் உப்பும் போட்ட பழைய குழி என்றால் சித்திரை வெயிலில் காய்ந்து கிடக்கும், தண்ணீர் ஊற்றுங்கள். கூடவே 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு வந்தால் துண்டிக்கும் சுவிட்ச்) இல்லையென்றால் அதையும் போடுங்கள். அது செட்டுக்காக இல்லை, உங்களுக்காக.

இத்தனையும் செய்த பிறகும், கோடை மழை இடி கேட்டால் பிளக்கைப் பிடுங்குங்கள். கூரையிலோ பக்கத்து மரத்திலோ விழும் மின்னலை எந்தப் பெட்டியும் நிறுத்தாது. கரண்ட் பிளக்கோடு டிஷ் கேபிளையும் கழற்ற மறக்கக் கூடாது. மொட்டை மாடி டிஷ்ஷிலிருந்து செட்டாப் பாக்ஸ், எச்.டி.எம்.ஐ. வழியாக ஆம்ப்ளிஃபயருக்குள் போய் போர்டைக் கொன்ற கேஸ்கள் பார்த்திருக்கிறேன், பவர் சப்ளை பத்திரமாக இருக்கும்.

சரி, கடைசியில் ஸ்டெபிலைசர். உங்கள் நோட்டில் வாரத்தில் பல நாள் 255க்கு மேலே, அல்லது நீங்கள் பாட்டுக் கேட்கும் நேரத்தில் 180க்குக் கீழே என்று வந்தால் மட்டும் வாங்குங்கள். ரிலே வகை மலிவு. படிப்படியாக மாற்றும்போது 'டக்' என்று ஒரு ரிலே சத்தம், ரெக்கார்டு பிளேயர் ஓடினால் சில சமயம் அது ஸ்பீக்கரிலும் கேட்கும். வோல்டேஜ் எல்லையில் ஊசலாடும் நேரத்தில் நிமிடத்துக்கு மூன்று முறை 'டக்'. இரவில் கர்நாடக சங்கீதம் கேட்கிறவருக்கு இது தாங்காது. சர்வோ வகையில் ஒரு மோட்டார் மெல்ல நகர்ந்து 230க்குப் பக்கத்திலேயே வைத்திருக்கும், அலையும் கெடாது. கார்பன் பிரஷ்ஷைச் சில வருடத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். ஆடியோவுக்கு நான் சர்வோவைத்தான் சொல்வேன். சி.வி.டி. (கான்ஸ்டன்ட் வோல்டேஜ் டிரான்ஸ்ஃபார்மர்) என்ற பழைய கனத்த பெட்டி வோல்டேஜைப் பிரமாதமாகப் பிடிக்கும், ஆனால் எப்போதும் உறுமும், கொதிக்கும், ஆம்ப்ளிஃபயர் திடீரென்று கேட்கும் கரண்டைக் கொடுக்கத் தயங்கும். கம்ப்யூட்டருக்குப் போடும் சாதா யு.பி.எஸ். பேட்டரியில் ஓடும்போது சதுர அலை கொடுப்பதுதான் அதிகம், டிரான்ஸ்ஃபார்மர் ஆம்ப்ளிஃபயரை அதில் மாட்ட வேண்டாம். வீட்டு இன்வெர்ட்டரும் சைன் வேவ் (லைன் கரண்ட் மாதிரி வழவழப்பான அலை) இல்லையென்றால் அதே கதை. பல ஆயிரத்துக்கு விற்கும் 'ஆடியோஃபைல்' பவர் கண்டிஷனர் வாங்கினால் வயலின் இனிக்கும் என்று சொல்பவர்களிடம் நான் வாதாடுவதில்லை. அந்தக் காசில் நல்ல ஸ்பீக்கர் கிடைக்கும்.

அளவு: ஜப்பான் செட்டின் முதுகில் 300 வாட், அசெம்பிள் செட் 200 வாட் என்று வைத்தால் மொத்தம் 500. இரட்டிப்பாக்கினால் 1000, அதாவது 1 கே.வி.ஏ. போதும். ஆன் செய்யும் நொடியில் டிரான்ஸ்ஃபார்மர் இழுக்கும் கரண்டுக்காகத்தான் அந்த இரட்டிப்பு, கேட்கும்போது உண்மையில் ஐம்பது அறுபது வாட்டுக்கு மேல் போவது அரிது. கடைக்காரர் சொன்ன 4 கே.வி.ஏ. கெடுதல் செய்யாது, ஆனால் ராப்பகலாகச் சும்மா சூடாகிக்கொண்டிருக்கும். கீழ் எல்லை 170 வரை வேலை செய்யும் மாடலா என்று பாருங்கள். மேலே கட் ஆகும் வசதி இல்லாததைத் தொடவே வேண்டாம். டி.வி.யை அதில் மாட்டத் தேவையில்லை.

வாங்கினால் ரெக்கார்டு பிளேயரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி, முடிந்தால் வேறு அலமாரியில் வையுங்கள். ஸ்டெபிலைசர் டிரான்ஸ்ஃபார்மரின் காந்தப்புலத்தை ரெக்கார்டு பிளேயரின் ஊசி பொருத்திய கார்ட்ரிட்ஜ் அப்படியே பிடித்து 'ஊம்' என்று பாடும். ஏற்கெனவே உங்கள் செட்டில் உறுமல் இருந்தால் அது இதனால் போகாது. அது பெரும்பாலும் கேபிள் டி.வி. வயரும் எர்த்தும் இரண்டு வழியாகச் சேர்வதால் வருவது. அந்த வயரைக் கழற்றிப் பாருங்கள், உறுமல் நின்றால் கள்வன் அகப்பட்டான்.

அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். தொடர்ந்து 255க்கு மேலே இருந்தாலோ 180இலேயே கிடந்தாலோ அது உங்கள் ஒரு வீட்டுப் பிரச்சினை இல்லை. உங்கள் பகுதி மின்வாரிய உதவிப் பொறியாளருக்கு, தேதி, நேரம், வோல்டேஜ் மூன்றும் எழுதிய அந்தப் பக்கத்தின் நகலோடு ஒரு மனு கொடுங்கள். பல டிரான்ஸ்ஃபார்மர்களில் மின்சாரத்தையே நிறுத்திவிட்டு டேப்பை (வோல்டேஜைக் கூட்டிக் குறைக்கும் இணைப்பை) ஒரு படி மாற்றும் வசதி இருக்கிறது. அதே லைனில் கடைசியில் இருக்கும் வீட்டாரிடமும் ஒரு வாரம் அளக்கச் சொல்லி அந்தக் கணக்கையும் சேர்த்துக் கொடுங்கள். உங்களுக்குக் குறைக்கப் போய் அவர் வீட்டில் 160 ஆகிவிடக் கூடாது, அதைப் பொறியாளர் முதலில் கேட்பார்.